பாட்டு இல்லாமல் ஒரு தடவை

நஸீமா கேட்கக் கற்றுக்கொடுப்பவர். வார நாட்களில் ஒரு மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுப் பித்துப் பிடித்த சிலர் அவரிடம் வருவார்கள். இரண்டு கருவிகளில் எது நன்றாக ஒலிக்கிறது என்பதை ஏமாறாமல் கண்டுபிடிக்கச் சொல்லித்தருவார்.

அவர்களில் ஒருவன் மணவாளன். நஸீமாவைவிட நான்கு வயது மூத்தவன். இருந்தாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வகுப்புக்கு வரவில்லை. போன் செய்தான்.

“டீச்சர், நீங்க என் வீட்டுக்கு வரணும். இன்னிக்கே வரணும். என்னைப் பொய்யன்னு சொல்லிட்டாங்க.”

நஸீமா போனார்.

மணவாளனின் மேசை மேல் இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டும் ஹெட்போனில் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்பதற்காக இணைக்கும் ஆம்ப்ளிஃபயர்கள். கறுப்புப் பெட்டி பெரிய கம்பெனியில் செய்தது. மரப்பெட்டி கோயம்புத்தூரில் தேவசகாயம் என்பவர் தன் வீட்டில் உட்கார்ந்து கையால் செய்தது.

மணவாளன் இரண்டையும் கேட்டு ஒப்பிட்டு, பலர் படிக்கும் ஓர் இணையப் பக்கத்தில் எழுதியிருந்தான். கறுப்பில் கண்ணாடி போன்ற தெளிவு இருக்கிறது, மரத்தில் உயிர் இல்லை என்று.

“இதைக் கேளுங்க டீச்சர். நேத்து அனுப்பியிருக்கார்.”

போனில் ஒரு குரல் பேசியது.

“வணக்கமுங்க தம்பி. தேவசகாயம் பேசறனுங்க. என்ற பெட்டிக்கு உயிரில்லைன்னு எழுதியிருந்தீங்க. ஆர்டர் குடுத்தவங்க எல்லாம் வேண்டாம்னுட்டாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. நீங்க கேட்டுப் பாத்தப்ப, எது எந்தப் பெட்டின்னு தெரிஞ்சவங்க யாராச்சும் கூட இருந்தாங்களா?”

மணவாளன் போனை மேசையில் வைத்த வேகத்தில் அது சறுக்கிக்கொண்டு போனது.

“பார்த்தீங்களா? கூட யாராச்சும் இருந்தாங்களாவாம்! நான் என்ன பரீட்சையில பிட்டு அடிச்சவனா? எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்சவன் நான் ஒருத்தன்தான். ஒரு பரீட்சையிலகூடப் பக்கத்துப் பேப்பரைத் திரும்பிப் பார்த்ததில்ல. என்னைப் போய்ச் சந்தேகப்படறார்!”

“எப்படிக் கேட்டீங்க?” என்றார் நஸீமா.

“நீங்க சொல்லித்தந்த மாதிரியே. ரெண்டு பெட்டியோட சத்தத்தையும் மீட்டர் வச்சுச் சமமாக்கினேன். பார்த்துடக் கூடாதுன்னு முதுகைக் காட்டி உக்காந்தேன். எந்தப் பெட்டின்னு எனக்குச் சொல்லாம தங்கச்சி மாத்தி மாத்திச் சொருகினா. ஒண்ணு விடாமக் கண்டுபிடிச்சேன். கேட்டதைத்தான் டீச்சர் எழுதினேன்.”

“இப்ப என்ன செய்யணும்?”

“நீங்க கூட உக்காந்து பாருங்க. மணவாளன் சொன்னது சரின்னு உங்க பேர்ல எழுதுங்க. அந்த ஆள் வாயை அடைக்கணும். இல்லேன்னா அந்தப் பக்கத்துல இனிமே என் பேச்சை யார் நம்புவா?”

“தப்பா இருந்தா?”

“இருக்காது.”

உள்ளேயிருந்து அவன் தங்கை பொற்கொடி தேநீர் கொண்டுவந்தாள். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காகப் போன மாதமே தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு கைகளிலும் வளையல் நிறைந்திருந்தது.

“வாங்க டீச்சர். ரெண்டு நாளா இவன் சோறே திங்கல. வயித்துல இருக்கிறவன்கூட இவ்வளவு உதைக்கிறதில்ல.”

“நீ சும்மா இரு. வந்து ஹெட்போன் பின்னை மாத்து.”

மணவாளன் மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டான். காதை இறுக்கி மூடாத வகை. வெளிச்சத்தமும் கொஞ்சம் உள்ளே வரும். அதில்தான் பாட்டு இயல்பாக ஒலிக்கும் என்பது அவன் கட்சி.

மரப்பெட்டி மேசையின் இந்த ஓரத்தில், பொற்கொடிக்குப் பக்கத்தில் இருந்தது. கறுப்புப் பெட்டி சுவரோரம் இருந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் ஹெட்போன் பின்னை உருவி எடுத்து, ஏதாவது ஒன்றில் சொருகினாள். சில தடவை எடுத்த பெட்டியிலேயே திரும்பவும் சொருகினாள். பாட்டு மறுபடி ஒலித்தது.

“கறுப்பு,” என்றான் மணவாளன்.

சரி.

“மரம். திரும்பவும் மரம். இப்ப கறுப்பு.”

எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவன் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு எழுந்தான். “இப்ப என்ன சொல்றீங்க? எழுதுங்க டீச்சர்!”

“காது நல்ல காது,” என்றார் நஸீமா. “ஒரு தடவை நான் மாத்தறேன்.”

பொற்கொடி நகர்ந்துகொண்டாள். நஸீமா பின்னை மாற்றினார்.

“கறுப்பு.”

“மரம்,” என்றார் நஸீமா.

“இது மரம்.”

“கறுப்பு.”

“இது... இருங்க. கொஞ்சம் இருங்க. கறுப்பு.”

“மரம்.”

ஒன்றிரண்டு சரியாக வந்தது. மற்றதெல்லாம் தப்பு. அவன் சட்டென்று திரும்பினான். முகம் சிவந்திருந்தது.

“நீங்க மாத்தவே இல்ல. மாத்தற மாதிரி நடிக்கிறீங்க.”

“மாத்தினாங்கண்ணே,” என்றாள் பொற்கொடி. “நான் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்.”

“அப்ப பின்னைச் சரியாச் சொருகல. நீங்களும் அந்த ஆள் பக்கமா டீச்சர்? உங்களை நம்பித்தானே கூப்பிட்டேன்!”

நஸீமா கோபப்படவில்லை. பொற்கொடியை மறுபடி மேசை முன்னால் உட்காரச் சொன்னார். பிறகு பாட்டை நிறுத்தினார்.

“உக்காருங்க. இந்தத் தடவை பாட்டு வேண்டாம்.”

“என்னது?”

“பொற்கொடி மாத்துவாங்க. எந்தப் பெட்டின்னு சொல்லுங்க.”

“விளையாடறீங்களா? பாட்டே இல்லாம எதைக் கேட்டுச் சொல்றது?”

“தோணினதைச் சொல்லுங்க.”

“முடியாது. இது என்னை அசிங்கப்படுத்தற வேலை.”

“உக்காருண்ணே,” என்றாள் பொற்கொடி. “இவ்வளவு பண்ணிட்டே. இதையும் பண்ணிடு.”

அவன் பொத்தென்று உட்கார்ந்தான். ஹெட்போனை மாட்டினான். பொற்கொடி பின்னை எடுத்துச் சொருகினாள்.

“கறுப்பு. போதுமா?”

பொற்கொடி சிரித்தாள். “சரியாச் சொல்லிட்டியே!”

“மரம்.”

சரி.

“மரம்.”

சரி.

“கறுப்பு.”

பொற்கொடி சிரிப்பை நிறுத்திவிட்டாள். நஸீமாவைப் பார்த்தாள்.

“என்ன?” என்றான் மணவாளன். “ஏன் பேச மாட்டேங்கறே?”

“எல்லாம் சரிண்ணே.”

அவன் ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

“எப்படி?” என்றான்.

“இன்னும் ஒரு தடவை,” என்றார் நஸீமா. “இப்பக் கோபப்படாமக் கேளுங்க.”

மணவாளன் கண்ணை மூடிக்கொண்டான். பின் உருவப்படுவது கேட்டது. தெருவில் ஒரு வண்டி போனது. பொற்கொடி சுவரோரம் இருந்த பெட்டியை நோக்கிக் கையை நீட்டினாள். முழங்கைப் பக்கம் ஒதுங்கியிருந்த வளையல்கள் எல்லாம் ஒன்றாக மணிக்கட்டுக்குச் சரிந்தன.

அவன் கண்ணைத் திறந்தான்.

திரும்பி அவள் கை வளையல்களைப் பார்த்தான். பிறகு அவன் தங்கை மேல் பாய்ந்தான்.

“உன் வளையல்! கழட்டி வச்சிட்டு உக்காந்திருக்கலாமில்ல?”

“பிள்ளை பிறக்கிற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?” பொற்கொடிக்கும் கோபம் வந்துவிட்டது. “வாங்கிட்டு வந்ததே நீதானே! உள்ள இருக்கிற குழந்தைக்கு நல்லாக் கேக்கணும்னு கடைக்காரர் திட்டற வரைக்கும் நீ குலுக்கிக் குலுக்கிப் பார்த்து எடுத்தேன்னு அம்மா சொல்லிச்சே! இப்ப என் வளையல் குத்தமா?”

மணவாளன் நஸீமாவின் பக்கம் திரும்பினான்.

“நான் பொய் சொல்லல டீச்சர்.”

“தெரியும்.”

“சத்தியமா எனக்கு வித்தியாசம் கேட்டுச்சு.”

“தெரியும்.”

“அப்ப அந்த ஆள் எப்படி என்னைப் பொய்யன்னு சொல்லலாம்?”

“அவர் அப்படிச் சொல்லலையே. கூட யாராச்சும் இருந்தாங்களான்னுதானே கேட்டார்.”

மணவாளன் மரப்பெட்டியைப் பார்த்தான். அதன் மூலையில், கையால் தேய்த்து வழவழப்பாக்கிய இடத்தில், அவன் விரல் ரேகை பதிந்திருந்தது. சட்டை நுனியால் அதைத் துடைத்தான்.

“இத்தனை பேர் படிச்சிருக்காங்க,” என்றான். “நான் சொன்னேன்னு ஆர்டரை நிறுத்தியிருக்காங்க. இனிமே நான் என்னத்தை எழுதறது?”

நஸீமா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“இன்னிக்குக் கேட்டதை எழுதுங்க.”