எறும்பு வகுப்பில் தேறிய நாற்பது பேர்

ஓர் ஏரிக்கரையில் விலங்குகளின் கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே சிலந்தி கணிதம் நடத்தியது. ஆமை புள்ளியியல் நடத்தியது. எறும்புகள் கணினி அறிவியல் நடத்தின. புதிதாக வருகிறவர்கள் இந்த மூன்று அறிமுகப் பாடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆல இலையில் ஒருமுறை கால்தடம் பதித்துவிட்டால் பாடத்தை மாற்ற முடியாது. ஆண்டு முடிவில் தேறியவர்கள் ஏரிக்கரையிலேயே குடியிருக்கலாம். தேறாதவர்கள் குடும்பத்தோடு முள்காட்டுக்குப் போய்விட வேண்டும். முள்காட்டில் புல்லும் குறைவு, நீரும் குறைவு.

ஒரு முயல் தன் மகள் தும்பையைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தது. தும்பைக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் உண்டு. வரும் வழியில்கூட, எத்தனை குட்டைகள் வற்றிவிட்டன, எத்தனையில் நீர் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வந்தது.

"அப்பா, நான் ஆமைகிட்டச் சேர்றேன்."

"ஆமைகிட்ட யாரு சேர்றா? வரிசையைப் பார்த்தியா?"

எறும்புப் புற்றின் முன்னால் நின்ற வரிசை ஏரியைப் பாதி சுற்றியிருந்தது. ஆமையின் முன்னால் ஒரு கீரியும் இரண்டு கொக்குகளும் நின்றன. சிலந்தியின் முன்னால் யாருமே இல்லை. அது வருகிறவர்களிடம் முதலில் முன்பு படித்த கணக்கைக் கேட்டுவிடும்.

ஆனாலும் அப்பா முயல் விசாரிக்காமல் எதையும் செய்யாது. சேர்க்கை பார்த்துக்கொண்டிருந்த நரியிடம் போனது.

"அண்ணே, எறும்பு வகுப்பு எப்படி?"

"நான் சொன்னா ஆள் பிடிக்கிறேன்னு சொல்லுவீங்க. அங்க படிச்சவங்க கரையில இருக்காங்க, நீங்களே கேட்டுக்குங்க. தேறாதவர்னு ஒருத்தரை இந்தக் கரையில காட்டிட்டா என் வாலை அறுத்துக்கிறேன்."

நரி பொய் சொல்லவில்லை.

முயல் மூன்று நாள் கரையைச் சுற்றியது. எறும்பு வகுப்பில் படித்தவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவரையும் விடாமல் கேட்டது. நாற்பது பேரும் தேறியவர்கள். நாற்பது பேரும் பாடம் மிகச் சுலபம் என்றார்கள்.

மகளின் மனம் கோணக் கூடாது என்று ஆமையிடமும் போய்க் கேட்டது. "உங்க வகுப்புல எல்லாரும் தேறிடுவாங்களா, ஐயா?"

"பத்துக்கு ஏழு பேர் தேறுவாங்க. மூணு பேர் முள்காட்டுக்குப் போயிடுவாங்க" என்றது ஆமை.

முயலுக்கு அது போதும். மகளிடம் திரும்பி வந்தது.

"அவரே ஒத்துக்கிறாரு தும்பை, மூணு பேர் தோக்கிறாங்களாம். எறும்புகிட்ட நாற்பதுக்கு நாற்பது."

"எறும்புகள்கிட்ட எத்தனை பேர் தோத்தாங்களாம்?"

"அதையெல்லாம் அவங்க எண்ணுறதே இல்லையாம். பெருந்தன்மை."

"தோத்தவங்களைக் கேட்டீங்களாப்பா?"

"தோத்தவங்ககிட்டப் போய் யாராவது யோசனை கேப்பாங்களா? அவங்களுக்கு என்ன தெரியும்?"

தும்பை போய் எறும்புகளின் இலையில் கால் பதித்தது.

முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் எறும்பு சொன்னது: "முதல் ஒன்பது பாடம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பத்தாவதுல ஆரம்பிப்போம்."

தும்பை முன்காலைத் தூக்கியது. "எனக்குத் தெரியாதுங்க."

"முட்டைக்குள்ள இருக்கும்போதே கேட்டிருப்பியேம்மா."

"நான் முட்டையில இருந்து வரலைங்க."

வகுப்பு சிரித்தது. சிரித்தவை எல்லாம் எறும்புகள். மற்ற விலங்குகள் எல்லாம் புரிந்ததுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன.

ஆண்டு முடிந்தது. தும்பை தேறவில்லை. நரி எல்லை வரை கூடவே வந்து மரியாதையாக வழியனுப்பி வைத்தது. அதன் வால் பத்திரமாக இருந்தது.

முள்காட்டுக்குள் நுழைந்ததும் இருவரும் திகைத்துப் போனார்கள். மான், உடும்பு, அணில், மரநாய் என்று நிழலில்லாத இடத்தில்கூடக் கூட்டம். தும்பை ஒவ்வொருவரிடமும் போய் எந்த வகுப்பில் படித்தீர்கள் என்று கேட்டது. எறும்பு வகுப்பு என்று சொன்னவர்களுக்கு மட்டும் மணலில் ஒரு கோடு கிழித்தது. வெயில் தாழும்போது இருநூறு கோடுகள் இருந்தன.

"அப்பா, தேறினவங்க நாற்பது, தேறாதவங்க இருநூறு. ஆறு பேருக்கு ஒருத்தர். சரி, அந்த நாற்பதுல எறும்புகள் எத்தனை?"

அப்பா முயல் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தது. "முப்பத்தாறு" என்றது. பிறகு, "அப்போ அது என் கண்ணுலயே படலம்மா" என்றது.

அதற்கு மனம் ஆறவில்லை. மறுநாள் முதல் ஏரிக்குப் போகும் பாதையில் போய் உட்கார்ந்துகொண்டது. தும்பையும் கூட உட்கார்ந்தது. ஒரு முள்ளம்பன்றி தன் மகனோடு வந்தது.

"தம்பியை எந்தப் பாடத்துல சேர்க்கப் போறீங்க?" என்று கேட்டது அப்பா முயல்.

"எறும்பு வகுப்புலதான். வேற எதுல சேர்ப்பாங்க?"

"வேண்டாங்க. ஆறு பேருக்கு ஒருத்தர்தான் தேறுறாங்க. அந்த ஒருத்தரும் பெரும்பாலும் எறும்பாத்தான் இருப்பாரு. ஆமைகிட்டப் போய்ப் பாருங்க."

முள்ளம்பன்றி முயலை மேலும் கீழும் பார்த்தது. "உங்க பொண்ணு தேறிச்சா?"

"இல்ல."

"பின்னே என்ன? தோத்தவங்களுக்கு என்ன தெரியும்?"

முன்பு முயல் கேட்டதும் அதே கேள்விதான். அப்போதே அதற்குப் பதில் தெரிந்திருந்தால் அது அங்கே உட்கார்ந்திருக்காது. முள்ளம்பன்றி மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

தும்பை மணலில் இன்னொரு கோடு கிழிக்கக் காலைத் தூக்கியது. பிறகு யோசித்துக் காலைக் கீழே வைத்தது.

"ஏம்மா?"

"எறும்பு இல்லாம நாலு பேரும் தேறியிருக்காங்களேப்பா. இந்தத் தம்பியும் தேறலாம். ஒரு வருஷம் பொறுப்போம்."

வென்றவர்களை மட்டும் எண்ணி வழியைத் தேர்ந்தெடுக்கிறவன், விட்டுப்போன மீதிக் கணக்கைத் தோற்றவர்களோடு உட்கார்ந்துதான் போட்டு முடிப்பான்.