நாலாவது கியரில் ஒரு சத்தம்

"கத்தற பிள்ளையப் பத்திப் பயமில்ல…"

பெரியம்மா இப்படித்தான் ஆரம்பித்தாள். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, புதிதாக வேலைக்கு வந்த பெண்களைப் பார்த்துப் பேசினாள். அடுத்து அவள் என்ன சொன்னாள் என்பது குழந்தைவேலுக்கு மறந்துவிட்டது. அன்றைக்குப் பந்தி தயாராக இருந்தது. அவர் கவனம் இலையில் இருந்தது.

எப்போதாவது அந்தப் பாதி வாக்கியம் மட்டும் வந்து நிற்கும். பிறகு தானாகவே போய்விடும்.

அந்தப் புதன்கிழமை காலை, கோயம்புத்தூருக்கு வெளியே ரெஜினாவின் ஷெட்டுக்குள் நுழைந்தபோது அவர் மனதில் பெரியம்மா இல்லை. ஒரு புகார் இருந்தது.

"குடுக்கற பலத்தையெல்லாம் திருப்பி எடுத்துக்குதுங்க அம்மிணி. இந்த எஞ்சினோட மல்லுக்கட்டி எனக்கு அலுத்துப்போச்சு."

ரெஜினா நிமிரவில்லை. யாருடைய காரையோ டைனோ உருளைகளின் மேல் நிறுத்திப் பட்டை போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த உருளைகளின் மேல் கார் நின்ற இடத்திலேயே ஓடும். எவ்வளவு பலம் என்று பக்கத்துத் திரை சொல்லும்.

"எதுக்குத் திருப்பி எடுத்துக்குதாம்?"

"அதைத்தான் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

"என்கிட்டயா" என்றாள். பட்டையை இன்னொரு இழுப்பு இழுத்தாள்.

குழந்தைவேல் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர். நாற்பத்தைந்து வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு ரெஜினாவிடம் வேலை பழக வந்தார். ரெஜினா அவரைவிட இளையவள். சென்னையில் ஒரு கார் கம்பெனியில் எஞ்சின்களைச் சோதித்துச் சீர்செய்யும் வேலையில் இருந்து, அதை விட்டு ஊருக்கு வந்தவள். அவர் அவளை அம்மிணி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். ஆனால் அந்த ஷெட்டுக்குள் யார் குரு என்பதில் இருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

எல்லாக் காருக்குள்ளும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி, டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்கலாம் என்பதையெல்லாம் அதற்குள் இருக்கும் எண்கள்தான் முடிவு செய்கின்றன. அந்த எண்களை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். அதே எஞ்சின் வேறு காராகிவிடும்.

எண்களை மாற்ற அவர் சீக்கிரமே கற்றுக்கொண்டார். ரெஜினா கற்றுக்கொடுத்தது அதை அல்ல.

முதல் வருஷம் முழுக்க அவள் அவரை லேப்டாப் பக்கமே விடவில்லை. ஒரு செம்புக் குழாயைக் கையில் கொடுத்தாள். அதன் ஒரு முனை தட்டையாக அடிக்கப்பட்டிருக்கும். அதை எஞ்சின் உடம்போடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். மறுமுனையில் ரப்பர் டியூப். டியூப்பின் கடைசியில், மில்லில் இரைச்சலுக்குப் போட்டுக்கொள்கிற காதுமூடி.

"கேளுங்ணா" என்றாள். பாடம் அவ்வளவுதான்.

எந்தக் காரின் எண்களையும் ஃபைலாக எழுதுவதற்கு முன் அவள் அந்தக் காதுமூடியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். டாக்டரம்மா நாடி பாக்குறாங்க, யாரும் பேசாதீங்க என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். அவள் காதில் அது விழாது.

குழந்தைவேலுக்கும் அது விளையாட்டாகத்தான் பட்டது. சொந்த லேப்டாப் வாங்கி, சொந்தமாக ஆட்கள் தேடி வரத் தொடங்கியதும் அவருடைய குழாய் ரெஜினாவின் ஷெட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. திரையில் எல்லாம் கோடாகத் தெரிகிறதே என்பார்.

இப்போது அவரை அலைக்கழித்த கார் அவருடைய மச்சினன் நவநீதனுடையது. சிவப்பு நிறச் சின்னக் கார். பெரிய டர்போ போட்டு, உள்ளே பிஸ்டன் முதற்கொண்டு மாற்றியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். குழந்தைவேல் தனியாக, தன் பெயரில் ரீமேப் செய்து களத்தில் இறக்கும் முதல் கார் அதுதான். முந்நூறு ஹெச்.பி. வரும் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். இருநூற்று எழுபதைத் தாண்டவில்லை.

தாண்டப் போகும்போதெல்லாம் எஞ்சின் தானாகப் பின்வாங்கியது. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் தம் நேரத்துக்கு முன்பே வெடித்தால், அது பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கும். நாக்கிங் என்பார்கள். அதைக் கேட்பதற்கென்றே எஞ்சின்மேல் பித்தான் அளவுக்கு ஒரு சென்சார் உண்டு. அடி கேட்டதும் அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தள்ளிப்போடும். பலம் குறையும்.

"சென்சார் பொய் சொல்லுதுங்க அம்மிணி. உள்ள போட்டிருக்கற பிஸ்டனே சத்தம் போடற பிஸ்டன். அந்தச் சத்தத்தக் கேட்டு அது பயந்துக்குது."

"அப்படியும் நடக்கும்" என்றாள் ரெஜினா.

அவருக்குத் தைரியம் வந்தது.

"குழாய் வெச்சுக் கேட்டீங்களா?"

திரையிலேயே தெரிகிறது என்றார் அவர். ரெஜினா காரின் மறுபக்கம் போய்விட்டாள்.

அவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டார். போன வாரமே நவநீதன் அவரிடம் வந்து, நாலாவது கியரில், நேர்ரோட்டின் கடைசியில் ஏதோ தட்டுகிற மாதிரி இருக்கிறது மாமா என்று சொல்லியிருந்தான். அவன் மனைவி மாசமாக இருந்தாள். அந்தக் கவலையில் பையனுக்குக் காது நீண்டுவிட்டது என்று குழந்தைவேல் நினைத்தார். எஞ்சின் என் பொறுப்பு, ஸ்டியரிங் உன் பொறுப்பு, பயமாயிருந்தால் பஸ்ஸில் போ என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நவநீதனும் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் சிவப்புக் காரையே ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். ஒரு கையில் மைசூர்பாகுப் பெட்டி. இன்னொரு கையில் ஒரு காகிதம்.

வேறொரு டைனோவில் எடுத்த அந்தக் காகிதத்தில் ஒரே ஒரு கோடு. வழவழவென்று ஏறிப் போய் முந்நூற்று நாலில் நின்றது.

"இப்ப எஞ்சின் மறுபேச்சே பேசறதில்லைங்க" என்றார்.

என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். இவ்வளவு சத்தத்துக்குக் கீழே இருந்தால் காதில் வாங்காதே என்று சென்சாருக்கு ஒரு அளவு இருக்கிறது. அந்த அளவை மேலே ஏற்றிவிட்டேன் என்றார். எல்லாரும் செய்வதுதான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ரெஜினா காகிதத்தை வாங்கி மேஜையில் போட்டு, ஒரு துண்டு மைசூர்பாகை எடுத்து அதன் மேல் வைத்தாள். சாப்பிடவில்லை. சுவரிலிருந்த ஆணிக்குப் போனாள்.

அவருடைய குழாயைத்தான் எடுத்தாள். மேலிருந்த தூசியை ஊதினாள். பானெட்டைத் திறந்து எஞ்சினோடு முடுக்கினாள். டியூப்பை ஜன்னல் வழியாக உள்ளே விட்டாள். காரை உருளைகளின் மேல் ஏற்றிப் பட்டை போட்டாள். பெரிய மின்விசிறியை எஞ்சினுக்கு முன்னால் தள்ளி ஓடவிட்டாள். பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து இருக்கையைக் காட்டினாள்.

அவர் உட்கார்ந்தார். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். அவளே காதுமூடியை அவர் தலையில் மாட்டினாள். ஒரு பக்கத்தை மட்டும் லேசாகத் தூக்கிச் சொன்னாள்:

"நிறுத்துன்னு நீங்க சொல்றவரைக்கும் நான் கால எடுக்கறதில்ல."

மூடியை விட்டாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலாவது கியர். காலை அழுத்தினாள்.

முதலில் வெறும் காற்று. பிறகு எங்கோ தூரத்தில் மழை பெய்கிற மாதிரி. டர்போ விழித்துக்கொண்டதும் தகர டப்பாவில் யாரோ பொடிக் கல்லைப் போட்டுக் குலுக்கினார்கள்.

உருளையின் பேரிங்காக இருக்கும் என்று நினைத்தார். மின்விசிறியாகவும் இருக்கலாம்.

மடியில் இருந்த திரையைப் பார்த்தார். பச்சை. ஒரு குறையும் இல்லை.

கல் பெரிதாயிற்று. பிறகு அது கல்லாக இல்லை. சுத்தியலாக இருந்தது.

ரெஜினா மீட்டரைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்ப்பதற்கு அங்கே ரோடும் இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எஞ்சின் உறுமல் மட்டும்தான் கேட்டிருக்கும். சென்சாருக்கு எதுவும் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்கிற காது அந்த ஷெட்டில் ஒன்றுதான் இருந்தது. அது அவருடையது.

முந்நூறுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

அவர் கையைத் தூக்கினார்.

ரெஜினா காலை எடுக்கவில்லை.

"நிறுத்துங்க" என்றார்.

எடுத்துவிட்டாள்.

உருளைகள் மெல்ல அடங்கின. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் காதுமூடியைக் கழற்றினார். அது டியூப்பில் சிக்கியது. அவள் சிக்கலை எடுத்துவிட்டாள்.

"எதுக்குங்ணா நிறுத்தச் சொன்னீங்க? ஸ்கிரீன்ல ஒண்ணுமில்லையே."

"போயிருந்தா பிஸ்டன் ஒடஞ்சிருக்கும்."

"ஒடஞ்சா?"

"எஞ்சினப் பொத்துக்கிட்டு வந்து எண்ணெயெல்லாம் இங்க தரையில கொட்டியிருக்கும். வேற ஒண்ணுமில்ல."

"ஞாயித்துக்கிழம எங்க கொட்டும்?"

பந்தயத் தடம் அவருக்குத் தெரியும். நேர்ரோடு முடிகிற இடத்தில் வலப்பக்கம் வளைவு. அங்கே வந்து சேரும்போது கார் நாலாவது கியரில் இருக்கும். எண்ணெய் அவன் சக்கரத்துக்கடியிலேயே தெறிக்கும்.

"நவநீதன் காதுல என்ன இருக்கும்?"

"ஹெல்மெட்டு."

ரெஜினா சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். மின்விசிறியை அணைக்க இறங்கினாள். ஒரு காலைத் தரையில் வைத்தவள் திரும்பினாள்.

"பையன் ஒண்ணும் சொல்லலீங்களா?"

"சொன்னான்."

"அப்புறம்?"

குழந்தைவேல் ஜன்னல் வழியே மேஜைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தார். கோடு வழவழவென்று இருந்தது.

"அப்புறம் ஒண்ணும் சொல்லல."

அவள் மின்விசிறியை அணைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

கத்தற பிள்ளையப் பத்திப் பயமில்ல. மைக்குக்குப் பின்னால் பெரியம்மாவின் முகம் தெரிந்தது. அவள் அடுத்து, கத்தாத பிள்ளையைப் பற்றி, ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. இந்த முறை அது போகவில்லை. அங்கேயே நின்றது.

அவர் காரை விட்டு இறங்காமலே லேப்டாப்பில் ஃபைலைத் திறந்தார். சென்சாரின் அளவைப் பழைய இடத்துக்கு இறக்கினார். எழுதி முடித்து, நவநீதனைக் கூப்பிட்டார்.

அவன் தூங்கி எழுந்த குரலில் சொல்லுங்க மாமா என்றான்.

"நாலாவது கியர்ல என்னமோ தட்டுதுன்னு சொன்னியேப்பா. அத மொதல்ல இருந்து சொல்லு. நான் கேக்கறேன்."

லேசாக ஒரு சிரிப்பு.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா. வண்டி நல்லாத்தான் இருக்குது."

ஃபோனை வைத்த பிறகும் அவர் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். ரெஜினா ஈரக் கையோடு வந்து, காகிதத்தின் மேலிருந்த மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். செம்புக் குழாயைக் கழற்றினாள். அதைச் சுவருக்குக் கொண்டுபோகவில்லை. அவர் மடியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிவப்புக் காரைக் குழந்தைவேல் பந்தயத்துக்கு அனுப்பவில்லை.