அசையாத ஊசி

ஜெனரேட்டர் கடையை மூடிவிட்டுச் செண்பகவல்லியிடம் யூபிஎஸ் தொழில் கற்க வந்தபோது எபனேசருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அவளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

பாளையங்கோட்டையில் அவள் யூபிஎஸ் அமைத்துக் கொடுத்திருந்த குழந்தைப்பேறு மையம், நாகர்கோவிலில் இன்னொரு ஆய்வகம் திறக்க இருந்தது. யூபிஎஸ்ஸில் இருக்கும் மூன்று வகைகளில் எதை அங்கே வைப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பை அவரிடம் விட்டாள்.

"முதல் வகையே போதாதா மேடம்?" என்றார். "கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறிக்குது. நடு வகை, ஏறி இறங்குற வோல்டேஜையும் சரிபண்ணும். மூணாவது என்னடான்னா, கரண்ட் இருக்கும்போதும் ஓயாம ஓடுது. வீணாச் சூடாகுது."

அவள் ஒரு மேசைவிளக்கை முதல் வகையில் மாட்டினாள். சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். டக்கென்று ஒரு சத்தம். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"பாருங்க, இமைக்கக்கூட இல்லை!"

"அந்தச் சத்தம்?"

"உள்ள ஸ்விட்ச் மாறுது."

"மாறுற நேரத்துல விளக்குக்கு எந்தக் கரண்ட் போச்சு?"

அவர் யோசித்தார். "ஒண்ணும் போகலை."

"ஆமா. ஒண்ணுமே போகலை" என்றாள். "நாளைக்குப் பாளையங்கோட்டை மையத்துக்கு வாங்க."

மறுநாள் நல்ல வெயிலில் போனார்கள். ஆய்வகத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நடையில் நின்றார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எபனேசரை டாக்டர் என்று நினைத்து எழுந்து நின்றார்.

"என் சம்சாரத்துக்கு ஒரு கருமுட்டைதான் கிடைச்சிருக்கு சார். இனிமே முயற்சி பண்ண அவ உடம்பு தாங்காதுன்னுட்டாங்க."

எபனேசர் அந்த மனிதரின் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

கண்ணாடிக்கு உள்ளே டாக்டர் பெனாசிர் நுண்ணோக்கியில் கண் பதித்திருந்தாள். மேலே திரையில் அந்த முட்டை நிலவுபோல் மிதந்தது. முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசி ஒன்று அதை நோக்கி நகர்ந்தது.

"கையால நகர்த்தினா நடுங்கும்" என்றாள் செண்பகவல்லி தாழ்ந்த குரலில். "அதான் மோட்டார். அது ஒரு துளி துள்ளினா முட்டை கிழிஞ்சிடும்."

ஊசி முட்டையின் தோலைத் தொட்டது. தோல் குழிந்தது.

நடையில் மின்விசிறி நின்றது. விளக்குகள் அணைந்தன. வெளியே தெருவில் யாரோ "கரண்ட் போச்சு" என்று கத்தினார்கள்.

எபனேசர் தன்னை அறியாமல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார், ஊசியைத் தாங்கிப் பிடிப்பவர்போல.

கண்ணாடிக்கு உள்ளே திரை அப்படியே ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஊசி துள்ளவில்லை. குழிந்த தோலைக் கடந்து முட்டைக்குள் இறங்கியது. தான் கொண்டுவந்த ஒற்றை விந்தணுவை அங்கே விட்டது. வந்த வழியே வெளியேறியது. முட்டை மெல்ல மறுபடி உருண்டையானது.

ஆலயத்தில் நிற்பதுபோல் செருப்பைக் கழற்றிவிடத் தோன்றியது எபனேசருக்கு.

கொல்லைப்புறத்தில் ஜெனரேட்டர் இருமிக் கிளம்பியது. விளக்குகள் வந்தன.

கதவைத் திறந்து வந்த பெனாசிர் முகக்கவசத்தை இறக்கி, நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள். "உள்ள வச்சாச்சு. நல்லபடியா இருக்கு." பிறகு, முகமெல்லாம் வேர்த்து நின்ற எபனேசரிடம் திரும்பினாள். "ஏன் சார், இங்க கரண்ட் போயிருந்துச்சா?"

அவர் ஆமென்று தலையாட்டினார்.

படியிறங்கும்போது அவர் கேட்டார். "இது அந்த மூணாவது வகையா மேடம்?"

"ஆமா."

"என்ன வேகம்! எப்ப மாறுச்சுன்னே தெரியலையே."

"மாறலை, அண்ணாச்சி."

அவர் நின்றுவிட்டார். "பின்னே?"

"வெளியிலேருந்து வர்ற கரண்டை அது அப்படியே உள்ள விடுறதே இல்லை. வாங்கிக் கலைச்சு, புதுசா செஞ்சுதான் கொடுக்குது. காலையில கரண்ட் ஒழுங்கா வந்துக்கிட்டு இருந்தப்பவும் அப்படித்தான். பேட்டரி எப்பவும் அதோட சேர்ந்தே இருக்கு, மாற வேண்டியதே இல்லை."

எபனேசர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். "அப்ப அது வீணாச் சூடாகலை மேடம். நாகர்கோவிலுக்கும் அதையே வைப்போம்" என்றார்.