இடது மூலையின் சைபர்

ஒரு கல்லூரியில் கபடிப் போட்டி நடந்த மாலையில், ஒரு துணிப்பையிலிருந்த சாமான்கள் கூடி ஓர் இளைஞனின் தலையெழுத்தை முடிவு செய்துகொண்டிருந்தன.

பை ஞானதுரையுடையது. பெரிய அணி ஒன்றுக்கு ஆள் பார்த்துச் சொல்வது அவர் தொழில். இடது மூலையில் நின்று, ரெய்டு வருபவனைப் பிடிக்க ஒரே ஒருவன் தேவை. பெயரை அன்று மாலையே அனுப்பியாக வேண்டும். அந்தக் கல்லூரியின் இடது மூலை சுடலைமணி. இறுதியாண்டு. இது தவறினால் மாமாவின் லாரியில் கிளீனர் வேலை அவனுக்காகக் காத்திருந்தது.

இடைவேளை விசில் ஊதியதும் பைக்குள் பேச்சு தொடங்கியது.

"ஆள் உயரம் பத்தாது. நான் காலையிலேயே அளந்துட்டேன்" என்றது இன்ச் டேப். அளந்ததைத் தவிர வேறெதையும் அது நம்பியதில்லை.

"ஓட்டமும் சுமார்தான்" என்றது ஸ்டாப் வாட்ச்.

கடைசியாக வாய் திறந்தது நோட்டு. அதற்குத்தான் மரியாதை அதிகம். "எதிரணி இடது மூலைக்காரன் நாலு பேரைப் பிடிச்சிருக்கான். இவன் சைபர். இதுக்கு மேல என்ன பேச்சு?"

ஞானதுரையின் காதில் செருகியிருந்த குட்டிப் பென்சிலுக்கு மனசு கேட்கவில்லை. முதல் பாதி முழுக்க சுடலைமணியின் பெயருக்கு நேரே ஒரு கோடாவது போட்டுவிட ஏங்கியிருந்தது அது. அந்தச் சைபரைப் போட்டதும் அதன் முனைதான். குற்றவாளி மாதிரி உணர்ந்தது.

"என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே" என்று கீழிருந்து ஒரு குரல் வந்தது. செம்மண் களம். "காலையில தண்ணி தெளிச்சு உருளை ஓட்டினாங்கல்லா. இந்த இடது மூலையைப் பாரு, உருளை போன தடம்கூட அழியல. வலது பக்கம்தான் உழுத வயலாக் கிடக்கு. ரெய்டு வந்த இருபது தடவையும் அந்தப் பக்கந்தான்."

"அப்போ இவன் சும்மா நின்னானா?" என்றது பென்சில்.

"சும்மாவா? அவன் குதிகால் ஊன்றின குழி ரெண்டும் எனக்கு இன்னும் வலிக்கி."

பென்சிலுக்கு உயிர் வந்தது. "எழுதிக்கோயேன்" என்று நோட்டைக் கெஞ்சியது.

"எந்தக் கட்டத்துல எழுத? பிடிச்சதுக்குக் கட்டம் இருக்கு, விட்டதுக்கு இருக்கு. வராததுக்குக் கட்டமே கிடையாது."

ஞானதுரை பையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு, இடது மூலைக் கோட்டோரமாகவே எதிரணிப் பயிற்சியாளரைத் தேடி நடந்தார். நாலு பேரைப் பிடித்தவனைப் பற்றி விசாரிக்கத்தான். அப்போது பென்சில் அவர் காதிலிருந்து நழுவி விழுந்தது. தானாக விழுந்ததா, அவர் தலையைத் திருப்பியதில் விழுந்ததா என்று கேட்டால் இன்றுவரை அது சொல்லாது. விழுந்த வேகத்தில் முனை உடைந்தது. உருண்டு போய் ஒரு குழியில் கிடந்தது.

எடுக்கக் குனிந்தவர், குனிந்தபடியே இருந்தார். குழியைப் பார்த்தார். அதற்கு முன்னால் காலடி படாத மண்ணைப் பார்த்தார். பிறகு வலது பக்கம் பார்த்தார்.

நேரே எதிரணியின் முதல் ரெய்டரிடம் போனார். பிச்சையா என்று பெயர், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, அந்த இடது மூலைப் பக்கம் ஒரு தடவைகூடப் போகலையே, ஏன்?"

பிச்சையா வாயைத் துடைத்துக்கொண்டான். சுடலைமணி நின்ற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போயிரலாம் அண்ணாச்சி. திரும்பி வரணும்லா."

ஞானதுரை நோட்டைத் திறந்தார். முனை போன பென்சிலை நகத்தால் கீறி, அந்தச் சைபரைச் சுற்றி அழுத்தி ஒரு வட்டம் போட்டார். நோட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பென்சிலுக்கு விளங்கியது.