டீச்சர் பக்கத்துப் பிரேக்

"டீச்சர், அடுத்த பேட்ச்லயும் என்னைச் சேர்த்துக்கோங்க."

லாரி, பஸ் ஓட்டப் பயிற்சி கொடுக்கும் சுடரொளி டீச்சர், லாரியின் இடது இருக்கையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"போன வாரம்தானே சான்றிதழ் கொடுத்தேன், அண்ணாச்சி?"

"கொடுத்தீங்க. லேமினேஷன் போட்டாச்சு."

போடுவார். வேலை பார்த்த மில்லை மூடிய நாளிலிருந்து தேவசகாயம் அண்ணாச்சி படித்துத் தள்ளிவிட்டார். டேலி கணக்கு, தீத்தடுப்பு, ஏசி மெக்கானிக், தேனீ வளர்ப்பு. ஒரு தேனீகூட அவரை நேரில் பார்த்ததில்லை. வீட்டுச் சுவரெல்லாம் சான்றிதழ் மாட்டியதில், ஓட இடமில்லாத பல்லிகள் எதிர்வீட்டுக்குக் குடிபோய்விட்டன.

"திங்கட்கிழமை காலேஜ் பஸ் எடுக்க வரச் சொல்லிருக்காங்கல்ல?"

"சொல்லிருக்காங்க."

"போகலைன்னா?"

"வேற ஆளைப் போட்டுருவாங்க."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"இன்னொரு சான்றிதழ் வாசப்படி ஏறினா, அவ இறங்கிருவாளாம்."

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார்.

"இதையே மூணு தடவை படிச்சாச்சு. இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

அண்ணாச்சிக்கும் எரிச்சல் வந்துவிட்டது.

"நீங்க ஈசியாச் சொல்லிருவீங்க. உங்க பக்கம் ஒரு பிரேக் இருக்கு. அந்தத் தைரியத்துலதான் நான் மலையே ஏறினேன். முதல் தடவை படிக்கிறப்ப ஆட்டு மந்தை குறுக்க வந்துச்சே, அன்னைக்கு நீங்க மிதிக்கலைன்னா ஊருக்கே பிரியாணி. காலேஜ் பஸ்ல எனக்கு யாரு மிதிப்பா? அத்தனையும் பிள்ளைக, டீச்சர்."

டீச்சர் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"குனிஞ்சு அந்தப் பிரேக்கைக் கையால அமுக்குங்க."

அமுக்கினார். மிதிக்கட்டை கழன்று கையோடு வந்தது. அடியில் கம்பியைக் காணோம். துரு மட்டும் இருந்தது.

"எப்ப அறுந்துச்சு?"

"நீங்க ரெண்டாவது தடவை சேர்ந்தப்ப."

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக அண்ணாச்சியின் கண்முன் வந்து திரும்பின. ஒவ்வொரு வளைவிலும் பக்கத்தில் வாயைப் பிளந்தபடி டீச்சர்.

"இது தெரிஞ்சுமா எம் பக்கத்துல குறட்டை விட்டீங்க?"

டீச்சர் மடியிலிருந்த கடலைத் தோலை ஊதினார்.

"மத்தவங்களை அந்த நீல லாரியிலதான் ஏத்துறேன். அதுல எம் பக்கத்துப் பிரேக் புதுசு. ஆனா ஒரு நாளும் எனக்குக் கண் அசந்ததில்ல, அண்ணாச்சி."