வாசலுக்கு வந்த கட்டில்கள்

குற்றாலம் போகும் சாலையில் ஒரு சின்ன மடம். வழிப்போக்கர்கள் தங்க அங்கே எட்டுக் கட்டில் உண்டு. மடத்தை நடத்தியவர் சிவகாமி அம்மை. அவருக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தில்லைநாயகத்துக்கு அறுபத்து நான்கு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வருகிறவர்களைத் தங்கவைக்கும் பொறுப்பு அவருடையது.

ஒருநாள் காலையில் அவர் குருவின் முன்னால் போய் உட்கார்ந்தார். ஒரு மாதமாகத் தியானம் கூடவில்லை, கண்ணை மூடினால் மனம் நிலைகொள்ள மாட்டேன் என்கிறது, எந்தப் பிறவி வினையோ தெரியவில்லை என்றார்.

அவர் கழுத்தில் வரிசையாகத் தடித்திருந்த சிவப்புத் திட்டுகளை அம்மை பார்த்தார்.

“எந்தக் கட்டில்?”

தில்லைநாயகம் கையால் கழுத்தை மறைத்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். யாரோ ஒரு யாத்திரிகரின் படுக்கையோடு வந்த மூட்டைப்பூச்சி. முதலில் ஒரு கட்டிலில்தான் இருந்தது. வெளியே தெரிந்தால் மடத்தின் பேர் கெட்டுவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. இப்போது எட்டிலும் இருக்கிறது. வருகிறவர்களையெல்லாம் இடமில்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

அம்மை கோபிக்கவில்லை. மூட்டைப்பூச்சி சூட்டில்தான் சாகும் என்று, கார் கழுவும் கடையிலிருந்து நீராவி அடிக்கும் மெஷினை இரவல் வாங்கிவரச் செய்தார். கட்டில்களை வெளியே எடுக்கச் சொன்னார்.

“பின்பக்கம் கொண்டுபோயிரலாம்மா,” என்றார் தில்லைநாயகம்.

“வெயில் முன்வாசல்லதானே இருக்கு,” என்றார் அம்மை.

பூசைக்கு ஆட்கள் வரும் நேரம். தில்லைநாயகம் குனிந்த தலை நிமிராமல் அவசர அவசரமாக அடித்தார். ஆவியின் வேகத்தில் பூச்சிகள் நாலாபக்கமும் தெறித்து ஓடின.

“ஓடாதீங்க ஐயா. குழாய் வாயில துணியக் கட்டிக்கிட்டு, ஒவ்வொரு இடுக்குலயும் நின்னு நின்னு போங்க. முட்டை உள்ளதான் இருக்கும்,” என்றார் அம்மை.

நின்று நின்று போனார். மெத்தைத் தையல், கட்டில் மூட்டு, ஆணி ஓட்டை. இப்போது எதுவும் ஓடவில்லை.

பூக்காரி பேச்சியம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்லப் பக்கத்தில் வந்து, தன் வீட்டிலும் ஆறு மாதமாக இந்தத் தொல்லைதான், மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்துவிடுமோ என்று மூச்சுவிடவில்லை என்றார். கடிதம் கொடுக்க வந்து நின்ற தபால்காரருக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். அங்கேயும் அதே திட்டு.

அதற்குப் பிறகு யாருக்கும் கூச்சமில்லை. உச்சிவெயிலுக்குள் தெருக்காரர்களின் கட்டிலும் நாற்காலியுமாக வாசல் நிறைந்துவிட்டது. தில்லைநாயகம் பழைய குரலில் பாடம் நடத்தினார். குழாயைப் பிடிக்கும் விதம் சொன்னார். தப்பிய முட்டைகள் பொரிக்கும், பத்து நாள் கழித்து இன்னொரு முறை அடிக்க வேண்டும் என்றார். தபால்காரர் அவசரப்பட்டபோது குழாயைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து அடிக்கச் சொன்னார். வாசலெல்லாம் ஆவியும் சிரிப்புமாக இருந்தது.

வெயில் சாயும்போது அவரவர் சாமான் காய்ந்திருந்தது. தூக்கிக்கொண்டு போனார்கள். தில்லைநாயகம் முகத்தைத் துடைத்துக்கொண்டு குருவிடம் வந்தார். மனசு லேசாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு சின்ன உறுத்தல்.

“அம்மா, ஊர் பூரா தெரிஞ்சுபோச்சே.”

“ஆமா ஐயா,” என்றார் அம்மை. “இன்னிக்கு ஊரே தூங்கும்.”