தெர்மாமீட்டர் துரையும் மயிலாயியின் கம்பளியும்

பனிக்காலம் வந்தால் கொழுந்து பறிப்பவர்களுக்குக் கம்பளி தருவது அந்தத் தேயிலைத் தோட்டத்து வழக்கம். அதையும் நிறுத்த வந்து சேர்ந்தார் ஒரு புது மேனேஜர் துரை! உறைபனி விழுந்த காலையில், வேலைக்கு வந்தவர்களைப் பேர் கூப்பிடும் களத்தில், மடித்த கம்பளிக்குள் தெர்மாமீட்டரை வைத்து எடுத்துக் காட்டினார்.

"வெளிய நாலு டிகிரி, உள்ளேயும் நாலு. கம்பளியில சூடே இல்ல, அப்புறம் எதுக்கு? இருக்குன்னு யாராச்சும் நிரூபிங்க, இன்னைக்கே தர்றேன்."

எவ்வளவு திமிர் பாருங்கள்!

கொழுந்து பறிக்கும் மயிலாயி முன்னால் வந்தாள். "உங்க கோட்டுல எவ்வளவு இருக்கு தொரை? கழட்டுங்க, பாப்போம்."

துரை சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். அவள் அதைக் கிளையில் தொங்கவிட்டாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், கோட்டுக்குள்ளும் அதே நாலு! அதற்குள் துரைக்குப் பல் தந்தியடித்தது.

"கோட்டைக் கொடு!"

"அதுலதான் சூடே இல்லையே தொரை!"

களமே சிரித்தது.

"சூடு உங்க ஒடம்புல இருக்கு. அதை வெளிய ஓடவிடாம கோட்டு புடிச்சு வச்சிருந்துச்சு. எங்க ஒடம்புலயும் அதே சூடுதான். மொதல்ல கம்பளிக்குக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். நடுக்கத்தில் கோணல்மாணலாக விழுந்த அந்தக் கையெழுத்துக்கு, அன்று மாலையே முந்நூறு கம்பளி வந்து இறங்கியது.